தொழிலதிபரின் முகம் யாருடையது? நடிகர் தேர்வில் மறையும் சாதி

ஒரு தொழிலதிபரின் வாழ்க்கை படமாகிறது என்ற அறிவிப்பு வந்ததும் முதலில் எழும் கேள்வி, யார் நடிக்கிறார் என்பதே. கோவையின் ஜி.டி. நாயுடுவாக ஆர். மாதவன் நடிக்கும் ‘ஜி.டி.என்’ படத்தின் முன்னோட்டம் 2025இல் வெளியானபோதும் அதுவே நடந்தது. மூக்கு பொருந்துகிறதா, வயது பொருந்துகிறதா, ஒப்பனை எப்படி என்று பேசினார்கள். ராஜபாளையத்தில் மாணவர்களோடு நாங்கள் நடத்திய கலந்துரையாடல் ஒன்றிலும் பேச்சு இந்த எல்லைக்குள்தான் தொடங்கியது. அந்த எல்லையைத் தாண்டியும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவரின் வெற்றி எந்த உடலில் ஏற்றிக் காட்டப்படுகிறது, அப்படிக் காட்டும்போது அந்த வெற்றிக்குப் பின்னிருந்த சமூக மூலதனம் எங்கே போய் மறைகிறது என்பதே அக்கேள்வி. ஒரு வசனம்கூட எழுதப்படுவதற்கு முன், நடிகரைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு முடிவிலேயே இதன் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது என்று நாம் கருதுகிறோம்.

உருவ ஒற்றுமை முக்கியமில்லை என்பது உலக அளவில் ஏற்கெனவே தீர்ந்த விவாதம். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸாக 2013இல் ஆஷ்டன் குட்சர் நடித்தார். இளவயது ஜாப்ஸை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருந்தார். ஜாப்ஸின் பழ உணவு முறையைப் பின்பற்றி மருத்துவமனைக்கும் போய் வந்தார். படம் எடுபடவில்லை. 2015இல் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்தார். ஜாப்ஸின் சாயல் அவரிடம் துளியும் இல்லை. ஆனால் ஆஸ்கர் பரிந்துரை அவருக்குத்தான் கிடைத்தது. ஜாப்ஸைப் பெற்ற தந்தை சிரியாவிலிருந்து வந்தவர் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். இரு படங்களிலும் அந்த அரபு வேர் நடிகரின் உடலில் இல்லை. அதைப் பற்றிப் பெரிய கேள்வியும் எழவில்லை. அமெரிக்கத் திரை இனத்தை மறக்கும் முறை அது. நம் திரை சாதியை மறக்கும் முறை இதைவிடச் சுற்றுவழியானது.

‘சூரரைப் போற்று’ (2020) அதற்கு நல்ல சான்று. ஏர் டெக்கான் நிறுவனர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவி சுதா கொங்கரா இயக்கிய படம் இது. கோபிநாத் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கோரூரில் வளர்ந்தவர், ஐயங்கார் குடும்பத்தவர், இராணுவ அதிகாரியாக இருந்தவர். திரையில் அவர் மதுரை அருகே சோழவந்தானைச் சேர்ந்த நெடுமாறன் ராஜாங்கம் ஆனார். சூர்யாவின் உடலும் மதுரை வழக்கும் கறுப்புடையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் அவருக்குத் தரப்பட்டன. விலைத் தடையை மட்டுமன்றிச் சாதித் தடையையும் உடைப்பதே தன் நோக்கம் என்று அவர் பேசுகிறார். எதிரில் நிற்பவர், பிறர் தொட்டால் கையைச் சுத்திகரித்துக்கொள்ளும் பணக்கார விமான நிறுவன முதலாளி. படம் 5 தேசிய விருதுகளைப் பெற்றது. கோபிநாத்தும், புனைவு மிகுதி என்றாலும் தம் நூலின் சாரத்தைப் பிடித்திருக்கிறது என்று பாராட்டினார்.

படத்தை நாமும் விரும்பியே பார்த்தோம். கிராமத்து மக்கள் முதன்முறையாக விமானத்திலிருந்து இறங்கும் காட்சியில் கண் கலங்காதவர் அரிது. ஆனால் இங்கே நிகழ்ந்திருக்கும் கொடுக்கல் வாங்கலை நிதானமாகப் பார்க்கவேண்டும். தீண்டாமையின் சாயலுள்ள அவமானம் ஒன்று, வரலாற்றில் அதை அனுபவித்திராத பின்னணியைச் சேர்ந்த ஒருவரின் கதைக்கு உரமாகியிருக்கிறது. இழிவு ஒடுக்கப்பட்டோரிடமிருந்து எடுக்கப்பட்டது. வெற்றி பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இரண்டையும் ஒட்டவைக்கும் பசையாக நட்சத்திரத்தின் உடல் அமைந்தது. நெடுமாறனின் சாதி படத்தில் எங்கும் பெயர் சொல்லப்படாததால் யார் வேண்டுமானாலும் அவரைத் தம்மவராக எடுத்துக்கொள்ள முடிந்தது. தில்லி அலுவலகங்களில் ஓர் உரிமத்துக்காகக் காத்துக்கிடக்கும் ஒருவருக்கு உண்மையில் எவையெல்லாம் கைகொடுக்கின்றன, ஆங்கிலமா, இராணுவப் பதவியா, குடும்பப் பெயரா என்ற கேள்வி மட்டும் கதையிலிருந்து நழுவிவிட்டது. அதே இயக்குநர் 2024இல் இந்தியில் ‘சர்ஃபிரா’ எடுத்தபோது, அதே மனிதர் அக்‌ஷய் குமாரின் உடலில் மராட்டியக் கிராமத்து வீர் மாத்ரே ஆனார். ஒரே வாழ்க்கை சந்தைக்கேற்ப ஊரும் சமூகமும் மாற்றிக்கொள்கிறது. கோபிநாத் கோபிநாத்தாகவே, ஓர் ஐயங்காராகவே திரைக்கு வந்திருந்தால் நாம் கற்றுக்கொள்ளக்கூடியது இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

ஜி.டி. நாயுடுவின் கதையில் சிக்கல் வேறு வகையானது. 1893இல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கியவர். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாரிலும் கோவையின் தொழிற்கல்வியிலும் அவர் பங்கு பெரியது. பெரியாரின் நண்பர். அவரது திறமையை யாரும் மறுக்கப்போவதில்லை, நாமும் மறுக்கவில்லை. படத்தின் தலைப்பில் அவர் பெயர் மூன்றெழுத்தாகச் சுருங்கி, சாதிப் பின்னொட்டு உதிர்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையின் 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டபோதோ பின்னொட்டு அப்படியே இருந்தது. தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்த அதே வாரங்கள் அவை. பின்னொட்டை எடுத்தால் யாரென்றே தெரியாது என்று விளக்கம் சொல்லப்பட்டது. திரைக்கு அந்தச் சிரமம் இல்லை. அங்கே முகம் இருக்கிறது. நம்பி நாராயணனாக ‘ராக்கெட்ரி’யில் (2022) பார்த்த அதே முகம், இப்போது நாயுடுவாகவும் வருகிறது. மாதவன் தேர்ந்த நடிகர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ்த் திரையில் ‘அறிவு’ என்பதற்கென ஒரு நிறமும் ஒரு மொழிநடையும் உறுதியாகி வருவதை அவரது திறமை மறைத்துவிடலாகாது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ‘சிவாஜி’யை (2007) விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் மென்பொருள் தொழிலில் பணம் ஈட்டித் திரும்பும் நாயகன், அதாவது தமிழ் வெகுமக்கள் சினிமாவின் மிகப் புகழ்பெற்ற தொழில்நுட்பத் தொழிலதிபர், காதலிக்காகத் தன் கறுப்பு நிறத்தை வெளுக்க முயல்கிறார். ஒரு பாடல் முழுதும் வெள்ளைத் தோலோடு தோன்றுகிறார். அதே படத்தில் அங்கவை, சங்கவை என்ற சங்க இலக்கியப் பெயர்களைச் சூட்டி, முகத்தில் கரி பூசி, இரண்டு பெண்களைச் சிரிப்புப் பொருளாக்கியதையும் நாடு பார்த்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து அதே ரஜினிகாந்தின் உடலை வைத்து பா. இரஞ்சித் ‘காலா’வில் கறுப்பை உழைக்கும் மக்களின் நிறமாக நிமிர்த்திக் காட்டினார். ஆகவே நாம் பேசுவது தனி நடிகரின் தகுதியைப் பற்றி அன்று. அந்த உடலிடம் கேமரா என்ன கேட்கிறது என்பதைப் பற்றியது.

தலித் பாத்திரத்தில் தலித்துதான் நடிக்கவேண்டுமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அப்படியொரு விதியை நாம் முன்வைக்கவில்லை. ஜப்பார் பட்டேலின் படத்தில் பாபாசாகேப் அம்பேத்கராக நடித்த மம்மூட்டி மராட்டியரும் அல்லர், தலித்தும் அல்லர். தேசிய விருது பெற்ற அந்த நடிப்பை நம் இயக்கங்கள் ஊர்ஊராகத் திரையிட்டுக் கொண்டாடின. அப்படத்தின் தமிழ் வடிவத்தைத் திரையரங்குக்குக் கொண்டுவர நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது என்பதும், 2010 வரை அது நடக்கவில்லை என்பதும் வேறு கதை. நடிப்பு என்பதே இன்னொருவராக மாறும் கலை. ஆனால் அந்த மாற்றம் இருவழிப் பாதையாக இருந்திருக்கிறதா? ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், மலையாளத்தின் முதல் படமாகக் கருதப்படும் ‘விகதகுமாரன்’ படத்தில் புலையர் சமூகத்தைச் சேர்ந்த பி.கே. ரோசியை நாயர் பெண்ணாக நடிக்கவைத்தார் ஜே.சி. டேனியல். திருவனந்தபுரத்தில் திரை கல்லெறியப்பட்டது. ரோசி ஊரைவிட்டு விரட்டப்பட்டார். நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். மேலிருந்து கீழே இறங்கி நடித்தால் விருது, கீழிருந்து மேலே ஏறி நடித்தால் கல் என்ற கணக்கு அன்று எழுதப்பட்டது. இன்று கல் வருவதில்லை. அழைப்பு வருவதில்லை, அவ்வளவுதான். பீகாரின் ஆனந்த் குமாராக ‘சூப்பர் 30’இல் (2019) ஹ்ரித்திக் ரோஷனின் முகம் கறுப்பேற்றப்பட்டதே, மிகவும் பிற்படுத்தப்பட்ட சமூகத்துக் கணித ஆசிரியராக நடிக்க இயல்பாகவே அந்த நிறமுள்ள ஒருவர் இந்தித் திரையுலகில் கிடைக்கவில்லையா?

நட்சத்திரத்தின் முகம் எதைச் செய்யவல்லது என்பதை ராஜபாளையத்துக்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இங்கே பிறந்த விஜய் சேதுபதி, இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனாக ‘800’ படத்தில் நடிப்பதாக 2020இல் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு உருவ ஒற்றுமையைப் பற்றியது அன்று. முரளிதரனின் ஈழ அரசியல் நிலைப்பாட்டுக்குத் தம் அன்புக்குரிய முகம் இரவலாகப் போவதை மக்கள் ஏற்கவில்லை. அந்த அக்டோபரிலேயே அவர் விலகினார். பின்னர் மதுர் மிட்டல் நடித்துப் படம் 2023இல் வந்தது. அந்த எதிர்ப்பின் முறைகள் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் முகத்தைக் கொடுப்பது நம்பிக்கையைக் கொடுப்பதாகும் என்பதை அன்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஈழம் என்றதும் உடனே புரிந்த ஒன்று, சாதி என்றதும் ஏன் புரியாமல் போகிறது? இதே ஊரில் 1936இல் ஒரு பஞ்சாலையாகத் தொடங்கிய குழுமம் சிமென்ட்டுக்கும், பின் மென்பொருளுக்கும் வளர்ந்திருக்கிறது. நாளை அதன் கதை படமானால் நிறுவனராக யார் நடிப்பது என்று தேநீர்க்கடைகளில் வாதம் நடக்கும். ஆலையில் நூல் முடிந்த பெண்களாக யார் நடிப்பது என்ற கேள்வி, துணை நடிகர் முகவரின் கைப்பேசியோடு முடிந்துவிடும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? இன்ன சாதியைச் சேர்ந்தவர்தான் இன்ன பாத்திரத்தில் நடிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம் உங்களில் பலர் பிறப்பதற்கு முன் வந்தது. பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த பெண் பட்டியலினத்தவளாகச் சான்று பெற்று அரசுப் பணியில் சேர்வதாகவும், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு தவறென்றும் அது பேசியது. சென்னை உயர்நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 1989இல், எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில், அதை மீட்டுத் தந்தது. படத்தின் கருத்து நமக்குப் பகையானது. தீர்ப்பு நமக்கு வேண்டியது. இன்று சாதியத்துக்கு எதிரான படங்கள் தடைகோரும் மனுக்களைச் சந்திக்கும்போது வழக்கறிஞர்கள் கையில் எடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(u), பட்டியலினத்தார்க்கு எதிராகக் காட்சி வழியாகவும் பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(v), அம்மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. தவறான நடிகரைத் தேர்ந்தெடுப்பது இவற்றுள் எதிலும் வராது. எல்லாவற்றுக்கும் வழக்குப் போடலாம் என்று நினைக்கும் தோழர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

ஆனால் யாருடைய ஒப்புதல் கேட்கப்படுகிறது என்ற இடத்தில் ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரிகிறது. பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை வைத்து ஒருவரது வாழ்க்கையை எழுத அவரது அனுமதி தேவையில்லை என்று 1994இல் ஆட்டோ சங்கர் வழக்கு எனப்படும் ஆர். ராஜகோபால் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஜெயலலிதாவாக கங்கனா ரனாவத் நடித்த ‘தலைவி’க்கு எதிராக ஜெ. தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரது மரணத்தோடு முடிகிறது, வாரிசுகளுக்குச் சொத்துபோல் இறங்காது என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இப்படியிருக்க, தொழிலதிபர்களின் வாழ்க்கைப் படங்கள் மட்டும் பெரும்பாலும் அவர்களிடமோ குடும்பத்திடமோ உரிமம் பெற்றே எடுக்கப்படுகின்றன. வழக்குச் செலவுக்கு அஞ்சும் தயாரிப்பாளர் முதலில் ஒப்பந்தம் போடுகிறார்; கதையும் முகமும் பின்னர் வருகின்றன. இந்த வரிசை எளிய மனிதருக்குத் தலைகீழாகிவிடுகிறது. ‘ஜெய் பீம்’ (2021) நாம் நன்றியோடு நினைக்கும் படம். ஆயினும் காவல் கொலைக்கு ஆளான ராசாக்கண்ணுவின் மனைவிக்கு ரூ.10 லட்சம் வைப்புத்தொகையை சூர்யா அறிவித்தது படம் வெளியாகி, கோரிக்கை எழுந்த பிறகே. கொடை நல்லது. ஒப்பந்தம் உரிமை. இந்த வேறுபாட்டைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் விட்டுவிடக்கூடாது.

நமது சொந்த வட்டாரமும் ஒரு வாழ்க்கைப் படத்தின் காட்சியாகக்கூடும். இளையராஜாவாக தனுஷ் நடிக்கும் படம் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜா அர்த்த மண்டபத்தின் வாசலில் நிறுத்தப்பட்டு, வெளியே நின்று வழிபட்ட காட்சியை நாடே பார்த்தது. அர்ச்சகர் தவிர எவரும் அங்கே நுழைவதில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. தம் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுத்ததில்லை, பரவுவது பொய்ச் செய்தி என்று இளையராஜாவும் மறுத்தார். சாதி அடையாளத்தால் அழைக்கப்படுவதை அவர் விரும்பியதில்லை. அது அவரது உரிமை. எனினும் ‘எவரும்’ என்ற சொல்லுக்குள் அர்ச்சகர் அல்லாத எல்லாரும் ஒரே அளவில் அடங்குகிறார்களா என்று கேட்பது நமது உரிமை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த அந்த உடலை ஒரு நட்சத்திரம் ஏற்கும்போது வாசற்படிகளின் வரலாறும் சேர்ந்து வருமா, இசை மட்டும் வருமா? தனுஷுக்கு இளையராஜாவின் சாயல் இருக்கிறதா என்பதைவிட இதுவே நமக்குப் பொருட்டு.

இவையெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு என்று கருதுவோருக்காக ஒரு செய்தி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் மிகுதி. அத்தறிகளில் நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் கருவி ஒன்றைக் குறைந்த செலவில் செய்திருக்கிறார் நம் சேரி இளைஞர் ஒருவர். பட்டயப் படிப்பு முடித்தவர். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. பட்டியலினத் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருவது அது. மாவட்டத் தொழில் மையம் அவரது விண்ணப்பத்தைப் பரிந்துரைத்தது. கடன் தரவேண்டிய வங்கிக் கிளையில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: “முதலாளி வரலையாப்பா?” திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தாம்தான் முதலாளி என்று அவர் சொல்லவேண்டியிருந்தது. பிணையம் தேவையற்ற தொகைக்குப் பிணையம் கேட்டு, மூன்று மாதம் கழித்து வாய்மொழியாக மறுத்துவிட்டார்கள்.

அந்த அதிகாரி தீயவர் என்று நாம் சொல்லவில்லை. தொழில்முனைவோர் எப்படி இருப்பார் என்று அவருக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். பொருளியல் நூல்கள் காட்டியிருக்க வாய்ப்பில்லை. தலித் இந்திய வணிகத் தொழிற்கூட்டமைப்பு 2005இல் தொடங்கி இருபதாண்டு கடந்துவிட்டது. பட்டறையிலிருந்தும் குப்பை மறுசுழற்சியிலிருந்தும் எழுந்த தலித் தொழில்முனைவோர் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய முகம் கடன் மேசைக்கு அப்பால் இருப்பவரின் நினைவில் இல்லை.

வாய்மொழி மறுப்பை நாங்கள் ஏற்கவில்லை. காரணத்தை எழுத்தில் தரும்படி அவர் பெயரில் பதிவஞ்சலில் கோரியிருக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தில் இத்திட்டத்தின்கீழ் வங்கிகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, கடன் வழங்கப்பட்டவை எத்தனை, மறுக்கப்பட்டவற்றின் காரணங்கள் எவை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவும் அனுப்பியிருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் விண்ணப்பதாரர்கள் பரிந்துரைக் கடிதத்தின் நகலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் எங்களைச் சந்திக்கலாம். நகல் இல்லாமல் வந்தால் வேலை இரட்டிப்பாகும்.